மலைக்கு முந்தைய நிறுத்தம்

கூபாவோ, மணிலா
6 செப்டம்பர் 1992

அன்புத் தம்பி தாதோவுக்கு,

பானிங் எழுதுவது. நான் நலம். அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது? மழை பிடித்துவிட்டால் அவளைக் கருவாட்டுக் களத்துப் பக்கம் விடாதே. நீ சொன்னால் கேட்கமாட்டாள், சோலிங்கை விட்டுச் சொல்லச் சொல். மருமகள் வாய்க்குத்தான் அவள் கொஞ்சம் அடங்குவாள்.

"என் அக்கா மணிலாவில் பெரிய பஸ் டிரைவர்" என்று எஸ்தான்சியா முழுக்கத் தமுக்கடித்துவிட்டதாக எழுதியிருந்தாய். தம்பி, நான் டிரைவர் இல்லை. பயிற்சியாளர். கண்டக்டராக இருந்த எங்களைப் பொறுக்கி எடுத்தபோது ஒன்றரை வருஷப் பயிற்சி, பிறகு நிரந்தரம் என்றார்கள். இப்போது மூன்றாவது வருஷம் ஓடுகிறது. எங்கள் எல்லோருக்கும் முதுகில் 'பயிற்சி' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த ஆரஞ்சுச் சட்டை ஒன்று உண்டு. அந்தச் சட்டையின் கதையைக் கேள்.

காலையில் வண்டியில் ஆள் ஏறியதும் பயிற்சித் தலைவர் எஸ்கலாந்தே ஜன்னலைத் தட்டுவார். "பானிங், அதைக் கழட்டி சீட்டுக்கு அடியில வை. ஜனங்க பார்த்தா பயப்படுவாங்க." கழற்றி வைத்துவிட்டு தாகுபான் வரை போய்த் திரும்புவேன். பக்கத்தில் ஒரு சீனியர் டிரைவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆறு மாதமாக அந்த சீட்டில் உட்காருவது என் சாப்பாட்டுத் தூக்கு மட்டும்தான். சனிக்கிழமை சம்பள வரிசையில் நின்றால் அதே மனுஷன், "சட்டை எங்கே? சட்டையைப் போட்டுட்டு வா. நீ பயிற்சியாளர், அந்த வரிசைக்குப் போ" என்கிறார்.

ஓட்டும்போது டிரைவர், கூலி வாங்கும்போது மாணவி. எங்களில் மூத்தவர் பெர்னபே. நாற்பது வயசு, மூன்று பிள்ளைகளுக்கு அப்பன். "என் மூத்த பையன் ஹைஸ்கூலே முடிச்சுட்டான், நான் இன்னும் பாஸ் ஆகலை" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மாவிடம் இதையெல்லாம் வாசிக்காதே. நலம் என்று மட்டும் சொல்.

உன் அக்கா
பானிங்


எஸ்தான்சியா
28 செப்டம்பர் 1992

என் அக்கா பானிங்குக்கு,

தாதோவின் வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். அம்மா இருமிக்கொண்டே களத்துக்குப் போகிறாள், இருமிக்கொண்டே எங்களைத் திட்டுகிறாள். திட்டுகிற தெம்பு இருக்கிறவரை கவலைப்படாதே என்கிறாள் சோலிங்.

சோலிங்குக்கு மசக்கை. ஆமாம் அக்கா, நீ அத்தையாகப் போகிறாய். கருவாட்டு வாசனை ஆகவில்லையாம். எஸ்தான்சியாவில் பிறந்துவிட்டு அந்த வாசனை ஆகாதாம்! மூக்கைப் பொத்திக்கொண்டு எங்கே போவாள்?

உன் கடிதத்தைப் படித்தேன். கோபமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்கிறேன், சட்டை எந்தக் கலராக இருந்தால் என்ன? பெரிய வண்டி உன் கையில் இருக்கிறது. நான் பத்து வருஷமாக அடுத்தவன் ஜீப்னி வண்டியில் ஆள் ஏற்றி ஓட்டி அவனுக்கு வாடகை அளக்கிறேன். மழைநாளில் வாடகை போக மிச்சம் என்ன தெரியுமா? நனைந்த சட்டை. உங்கள் கம்பெனி அடுத்த அணி எடுக்கும்போது எனக்கு ஒரு வார்த்தை எழுதேன். என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, கை சுத்தம், குடிப்பதில்லை. (ஞாயிற்றுக்கிழமையைக் கணக்கில் சேர்க்காதே.)

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி
தாதோ


கூபாவோ
15 நவம்பர் 1992

தம்பி தாதோவுக்கு,

சோலிங்கின் செய்தி கேட்டு இங்கே தூரிங் அத்தை கடையில் எல்லோருக்கும் பொரித்த வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தேன். தூரிங் அத்தை டெர்மினல் வேலியோரம் கஞ்சிக்கடை போட்டிருப்பவள். இந்த ஊரில் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கிற ஒரே ஆள். சோலிங்கைப் பளு தூக்க விடாதே.

எங்கள் பயிற்சியில் கடைசியாக மலைப் பாதைப் பயிற்சி என்று ஒன்று உண்டு. அது எங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. மலைமேல் இருக்கிற பாகியோவுக்கு ஏறி இறங்க சீனியர் ஒருவரோடு ஒரு மாதம் போக வேண்டும். எஸ்கலாந்தேயிடம் எல்லோருமாகப் போய்க் கேட்டோம்.

"அடுத்த மாசம்," என்றார்.

"போன மாசமும் அடுத்த மாசம்னுதான் சார் சொன்னீங்க," என்றார் பெர்னபே.

"சீனியருங்களை எல்லாம் வி.ஆர்.எஸ்.ல அனுப்பியாச்சு. ஆள் எங்கய்யா இருக்கு? ரோடு ரோடுதான். மேல போறது ஏத்தம், கீழ வர்றது இறக்கம். இதுக்கு என்ன காலேஜா வைக்க முடியும்?"

இப்படிப்பட்ட இடத்துக்கு நீ வர வேண்டாம். நான் உனக்காகப் பேசப் போவதில்லை. இதற்குமேல் கேட்காதே.

பானிங்


எஸ்தான்சியா
10 ஜனவரி 1993

அக்காவுக்கு,

புது வருஷ வாழ்த்துகள். கிறிஸ்துமஸுக்கு வருவாய் என்று அம்மா அரிசிப் பலகாரம் செய்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தின்றன.

பதில் எழுத ஏன் தாமதம் என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். உன் கடிதம் எனக்கு வலித்தது. "உனக்காகப் பேசப் போவதில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். ஜீப்னிக்காரத் தம்பி வந்து நின்றால் உனக்கு அங்கே மானக்கேடு என்றால் நேராகச் சொல்லியிருக்கலாம். சட்டையைப் பற்றி ஒரு பக்கம் எழுதத் தெரிந்தவளுக்கு தம்பிக்கு நாலு வரி எழுத வரவில்லை.

ஜீப்னி பழுது பார்க்கக் கிடக்கிறது. அதனால் இப்போதைக்குக் களத்தில் அம்மாவோடு மீன் புரட்டுகிறேன். சோலிங் சுகம். கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. மருத்துவச்சி உப்பைக் குறைக்கச் சொன்னாள். கருவாட்டு ஊரில் உப்பைக் குறைப்பதாம்!

தாதோ


கூபாவோ
26 பிப்ரவரி 1993

தம்பிக்கு,

நான் நலம். அம்மாவுக்கு மருந்து வாங்கப் பணம் அனுப்புகிறேன், இந்த முறை கொஞ்சம் குறைவு. கோபித்துக்கொள்ளாதே. வேலை சற்று மந்தம்.

பெர்னபேக்கு ஒரு அடி பட்டுவிட்டது, ஆஸ்பத்திரியில் இருக்கிறார். வேறொன்றும் விசேஷமில்லை.

இனிமேல் கடிதத்தை டெர்மினல் விலாசத்துக்குப் போடாதே. 'தூரிங், கஞ்சிக்கடை, டெர்மினல் வேலியோரம்' என்று எழுது, வந்து சேரும். சோலிங்கின் கால் வீக்கத்தை மருத்துவச்சியோடு விடாதே, டாக்டரிடம் காட்டு. உன்மேல் எனக்கு மானக்கேடு ஏதுமில்லை. நேரில் பேசுவோம்.

பானிங்


இலோயிலோ துறைமுகம்
24 மார்ச் 1993

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன், கப்பல் சங்கு ஊதிவிட்டது. எல்லோரும் சுகம். சோலிங்கை டாக்டரிடம் காட்டியாகிவிட்டது, அதற்கு வழி பிறந்தது.

ஈஸ்டருக்கு உனக்கு ஒரு செய்தி இருக்கிறது. நல்ல செய்தி. இப்போது சொல்லமாட்டேன், உன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொல்வேன். அதுவரை ஊருக்குக் கடிதம் போடாதே.

தாதோ


டெர்மினல் வேலிக்கு வெளியே
27 மார்ச் 1993

தாதோ,

நலம் விசாரிக்க எனக்கு மனசில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய், பார்த்தேன். திரை போட்ட பஸ்ஸில் போலீஸ் காவலோடு உள்ளே போனாய். இரண்டாவது ஜன்னல். திரையை விலக்கி, ஏதோ திருவிழாவுக்கு வந்தவன் மாதிரி எட்டிப் பார்த்தாய். நான் கேட்டுக்கு முன்னால் தட்டி பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாயில் பாதிக் கோஷம் இருந்தது. மீதியைச் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் நின்றவள், "என்னடி, பேயைப் பார்த்தவ மாதிரி நிக்கிற?" என்றாள். "என் தம்பி" என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர்கள் எல்லோரும் அந்த பஸ்ஸைப் பார்த்துக் காறித் துப்பிக்கொண்டிருந்தார்கள்.

தெரியாது என்று சொல்லாதே. சொன்னாலும் கேட்டுக்கொள். பிப்ரவரி மாதம் பெர்னபேயை மலைக்கு அனுப்பினார்கள். சட்டையைக் கழற்றச் சொல்லி, பக்கத்தில் யாரும் இல்லாமல். இறக்கத்தில் பிரேக் போய்விட்டது. வண்டியை மலைச்சுவர் பக்கம் ஒடித்து மோதி நிறுத்தினார். பயணிகளுக்குச் சிராய்ப்பு. அவருடைய இரண்டு கால்களும் நசுங்கிவிட்டன. கம்பெனி போலீஸிடம் சொன்னது: டிரைவரின் அஜாக்கிரதை. அதே நாள் ஆஸ்பத்திரியில் சொன்னது: அவர் எங்கள் ஊழியர் இல்லை, பயிற்சியாளர், செலவு எங்கள் பொறுப்பில்லை. ஒரே வாய்!

அன்று சாயங்காலம் நாங்கள் யாரும் வண்டி எடுக்கவில்லை. எங்களை வெளியே தள்ளிக் கேட்டைப் பூட்டினார்கள். ஒரு மாதமாக வேலியோரம் படுத்திருக்கிறோம். தூரிங் அத்தை கஞ்சி ஊற்றுகிறாள். புனித வாரக் கூட்டம் வருகிறது, அதற்குள் எங்களிடம் பேசித்தான் ஆக வேண்டும் என்று நம்பியிருந்தோம். எங்களுக்குப் பதிலாக ஓட்ட நீ வந்திருக்கிறாய்.

இதைத் தூரிங் அத்தை கஞ்சிப் பானையோடு உள்ளே கொண்டுவருவாள். பதில் எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம்.

பானிங்


டிப்போ விடுதி, உள்ளே
29 மார்ச் 1993

அக்கா,

நீ நலம் விசாரிக்காவிட்டாலும் நான் விசாரிக்கிறேன். ரோட்டில் படுத்து உன் முகம் கருத்துப்போயிருக்கிறது.

நீ திட்டியதைப் படித்தேன். இப்போது என் முறை. "வேலை சற்று மந்தம்." யார் எழுதியது? "பெர்னபேக்கு ஒரு அடி பட்டுவிட்டது." யார் எழுதியது? இரண்டு கால் போன மனுஷனுக்கு ஒரு அடியாம்! நீ போராட்டத்தில் இருக்கிறாய் என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் இலோயிலோவைத் தாண்டியிருப்பேனா? அங்கே ஆள் எடுக்க வந்தவன் உன் கம்பெனி பெயரைச் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "உங்க அக்கா அங்கயா? அப்போ சர்ப்ரைஸா போய் நில்லுய்யா" என்றான். ஈஸ்டருக்கு உன் முன்னால் போய் நிற்கலாம் என்று வந்த முட்டாள் நான்.

நானும் மறைத்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஜீப்னி பழுது பார்க்கக் கிடக்கவில்லை. முதலாளி டிசம்பரிலேயே அதை விற்றுவிட்டான். சோலிங்குக்கு ரத்த அழுத்தம், டாக்டர் படுக்கையில் போட்டுவிட்டார். இவர்கள் கொடுத்த முன்பணத்தில்தான் அவள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நீயும் மறைத்தாய், நானும் மறைத்தேன். இரண்டு பேரும் அம்மாவைக் காப்பாற்றினோமாம்.

வெளியே விடமாட்டேன் என்கிறார்கள். கேட்டில் காவல். பயிற்சி என்ன தெரியுமா? டிப்போவுக்குள் டயர்களை அடுக்கி வைத்து அதைச் சுற்றி ஓட்டச் சொல்கிறார்கள். பிறகு ஒரு சினிமா, சிரித்த முகத்தோடு பயணிகளை வரவேற்பது எப்படி என்று. பத்து நாளில் முடிந்துவிடுமாம். "மலைக்கு எப்போ சார் கூட்டிட்டுப் போவீங்க?" என்று கேட்டேன். "போகும்போது பார்த்துக்கலாம்" என்றார் உன் எஸ்கலாந்தே.

நான் என்ன செய்ய? நீயே சொல்.

தாதோ


வேலிக்கு வெளியே
3 ஏப்ரல் 1993

தம்பி தாதோவுக்கு,

சோலிங்குக்குக் கடவுள் துணையிருக்கட்டும். ஆஸ்பத்திரிப் பெயரை எழுதி அனுப்பு, நம் ஊர்க் கன்னியாஸ்திரிகளிடம் சொல்லிப் பார்க்கச் சொல்கிறேன்.

நீ சொன்னது நியாயம். மறைத்தது என் தப்பு. ஆனால் உன்னையும் என்னையும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிறுத்தினவன் எழுதவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அவன் ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கிறான்.

நேற்று பெர்னபேயைப் பார்த்தேன். வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இறக்கத்தில் என்ன நடந்தது என்று கேட்டேன். வண்டி வேகம் எடுத்ததும் பிரேக்கை மிதித்து விட்டு, மிதித்து விட்டு இறங்கியிருக்கிறார். ஜீப்னியில் நீ அப்படித்தான் செய்வாய். நம் ஊரில் எல்லோரும் அப்படித்தான். இந்த வண்டிக்குக் காற்று பிரேக். ஒவ்வொரு மிதிக்கும் காற்று குறையும். நாலாவது வளைவில் மிதித்தபோது கால் தரைவரைக்கும் போய்விட்டதாம். "யாராவது பக்கத்துல ஒக்காந்து, அப்படி மிதிக்காதடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும் பானிங்" என்றார். ஒரு வார்த்தை.

இந்த இடத்தில் பேனாவை ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்ததை எல்லாம் உனக்கு எழுதலாம். எழுதினால் நீ தைரியமாகக் கிளம்பிவிடுவாய். காகிதத்தில் படித்துவிட்டு ஐம்பது உயிரை ஏற்றிக்கொண்டு போவாய். அதைத்தானே அவர்களும் செய்கிறார்கள்? எழுதாவிட்டால் நீ ஒன்றும் தெரியாமல் போவாய். என் கூடப் பிறந்தவன். என்னால் எழுதாமலும் இருக்க முடியவில்லை. கேட்டுக்கொள்: இறக்கம் தொடங்குவதற்கு முன்னாலேயே கியரைக் குறைத்துவிடு, பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதே. இவ்வளவுதான் எழுதுவேன். இது பயிற்சி இல்லை. இதை வைத்துக்கொண்டு மலை ஏறிவிடலாம் என்று நினைத்தால் நீ என் தம்பி இல்லை.

என்ன செய்ய என்று கேட்டாய். எனக்குத் தெரியாது. முன்பணத்தை என்னால் கட்ட முடியாது. "இறங்கி வா" என்று சொல்ல வாய் வருகிறது, வந்தால் சோலிங்கின் ஆஸ்பத்திரிச் செலவை யார் கொடுப்பது?

பானிங்


ரொசாரியோ, மலையடிவாரம்
8 ஏப்ரல் 1993, பெரிய வியாழன்

அன்பு அக்கா,

நலமாக இருக்கிறேன். வண்டியும் நலம், அதில் வந்த ஐம்பத்து மூன்று பேரும் நலம். இதை முதலில் எழுதிவிடுகிறேன். ரேடியோவில் என்னென்னவோ சொல்கிறார்களாம், நீ பயந்திருப்பாய்.

புதன் காலை என்னை பாகியோ வண்டியில் ஏற்றினார்கள். கண்டக்டர் பையனும் புதுசு. சமவெளியில் ஒன்றும் தொந்தரவில்லை. சிரித்த முகத்தோடு வரவேற்றேன்கூட. ஆனால் தூரத்தில் மலை தெரிய ஆரம்பித்ததும் நீ எழுதியதை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். ரொசாரியோவில் சாப்பாட்டுக் கடையில் நிறுத்துவது வழக்கம். எல்லோரும் சாப்பிட்டு ஏறினார்கள். சாவியைப் போட்டேன். அப்புறம் எடுத்துவிட்டேன்.

எழுந்து திரும்பி நின்று சொன்னேன். "அய்யா, அம்மா, எல்லாரும் மன்னிக்கணும். எனக்குப் பத்து நாள்தான் பயிற்சி. அதுவும் டயரைச் சுத்தி. இந்த மலையில நான் ஏறினதே இல்லை. பிரேக் போனா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியாது. இதுக்கு மேல நான் ஓட்டலை."

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. தொப்பி போட்ட ஒரு அம்மா, மூன்று பிள்ளைகளோடு முன் சீட்டில் இருந்தாள். அவள்தான் ஆரம்பித்தாள். "அஞ்சு மணி நேரம் ஓட்டிட்டு இப்பத்தான் ஞானம் வந்துச்சா? டிக்கெட் வாங்கும்போது எங்க போச்சு வாய்?"

"கீழ தப்பு பண்ணா வண்டி நிக்கும்மா. மேல தப்பு பண்ணா நிக்காது."

"லாட்ஜுக்குப் பணம் கட்டியிருக்கேன்யா! உன் பேரு என்ன? எழுதிக் குடுக்கறேன் பாரு!"

பின்னாலிருந்து ஒரு கிழவர், "பயப்படாம ஓட்டு தம்பி, புனித வாரம், ஆண்டவர் பார்த்துப்பார்" என்றார். "ஆண்டவருக்கு பஸ் லைசென்ஸ் இருக்கா பெரியவரே?" என்று ஒரு காலேஜ் பையன் கேட்டான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். தொப்பி அம்மா தன் கடைசிப் பிள்ளையைப் பார்த்தாள், ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கினாள். இறங்கிய பிறகும் திட்டினாள். ஆனால் என்னை இல்லை.

அதற்குள் நம் கம்பெனியின் அடுத்த வண்டி வந்து நின்றது. ஓட்டியது மாந்திங், என்னோடு இலோயிலோவில் கப்பல் ஏறியவன். "லூசாடா நீ? முன்பணம் யாரு கட்டுவா, உங்கப்பனா?" என்று கத்தினான். என் பயணிகள் அவனுடைய வண்டிக்குள் ஏறிக் கேட்டார்கள்: "நீயும் பத்து நாள்தானா?" அவனுடைய பயணிகள் எல்லோரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். அவன் சாவியை உருவிக்கொண்டு இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். "நாசமாப் போ" என்றான். சாயங்காலத்துக்குள் நாலு வண்டி நின்றுவிட்டது. கடைக்காரர் போனில் அந்தக் காலேஜ் பையன் ரேடியோ நிலையத்தைக் கூப்பிட்டான்.

எஸ்கலாந்தே வேன் எடுத்துக்கொண்டு வந்தார். இறங்கும்போதே, "டிரைவர்டா நீ! பாசஞ்சரை நடுவழியில விட்டுட்டு ஒக்காந்திருக்க?" என்றார்.

"நேத்து கையெழுத்து வாங்கும்போது நான் பயிற்சியாளர்னு சொன்னீங்களே சார்? எனக்கு ஏதாவது ஆனா கம்பெனி பொறுப்பில்லைன்னு?"

ரேடியோக்காரன் மைக்கை நீட்டிக்கொண்டிருந்தான். இருநூறு பேர் சுற்றி நின்றார்கள். மனுஷன் வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்கா, நான் வீரன் இல்லை. எனக்குப் பயம். பெர்னபேயின் கால் என் கண்ணுக்குள்ளேயே நின்றது. இன்று ஒரு காய்கறி லாரியில் இடம் கிடைத்திருக்கிறது, நேராகத் துறைமுகம், அங்கிருந்து சோலிங்கிடம் போகிறேன். வேலியோரம் வந்து உன்னைப் பார்க்க எனக்கு முகமில்லை.

உன் தம்பி
தாதோ


கூபாவோ
11 ஜூலை 1993

அன்புத் தம்பி தாதோ, சோலிங், புதிதாக வந்திருக்கும் குட்டிப் பெண்,

மூவருக்கும் என் முத்தங்கள். தாயும் பிள்ளையும் சுகம் என்று எழுதிய அந்த ஒரு வரியைத் தூரிங் அத்தைக்கு மூன்று முறை வாசித்துக் காட்டினேன். அம்மா பேத்தியை இப்போதே திட்ட ஆரம்பித்துவிட்டாளா?

இங்கே நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ரேடியோவில் வந்த பிறகு பாகியோ வண்டியில் ஏறவே ஜனங்களுக்குப் பயம். கவுண்டரில், "டிரைவருக்கு எத்தனை நாள் பயிற்சி?" என்று கேட்டுக் கேட்டு டிக்கெட் கொடுப்பவளுக்கு அழுகை வந்துவிட்டதாம். தொழிலாளர் இலாகா எங்களையும் கம்பெனியையும் கூப்பிட்டு உட்கார வைத்தது. போன மாதம் கையெழுத்தானது. எங்கள் எல்லோருக்கும் நிரந்தரம். பெர்னபே விபத்து நடந்த அன்றே ஊழியர்தான் என்று எழுதிக் கொடுத்தார்கள், ஆஸ்பத்திரிச் செலவு கம்பெனியுடையது. போன கால் போனதுதான். உங்கள் முன்பணத்தையும் கேட்கக் கூடாது என்று சேர்க்க வைத்தோம். அதற்கு எங்கள் ஆட்களில் சிலர், "அவனுங்களுக்கு எதுக்கு?" என்றார்கள். நான் அப்போதுதான் வாய் திறந்து சொன்னேன், நீ யார் என்று.

போன வாரம் உன் லைசென்ஸ் விசாரணை. குழந்தையை விட்டுவிட்டு நீ எப்படி வருவாய் என்று நானே போனேன். கம்பெனி வக்கீல் எழுந்து, "தாதோ ஒரு தொழில்முறை டிரைவர், பயணிகளை நடுவழியில் கைவிட்டார்" என்று வாசித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"சார், ஒரு கேள்வி," என்றேன். "நடுவழியில விட்டாருன்னு சொல்றீங்களே, வேற எங்க விட்டிருக்கணும்? பள்ளத்துலயா?"

"அம்மா, உட்காருங்க," என்றார் அதிகாரி.

"உட்கார மாட்டேன் சார். பத்து நாள்ல அவனை பஸ்ல ஏத்தினவரு இதோ இந்த பெஞ்சுல உட்கார்ந்திருக்காரு. அவருடைய லைசென்ஸை யார் விசாரிக்கறது?"

"அது இந்த அலுவலகத்துக்கு உட்பட்டது இல்லை. உட்காருங்க."

உனக்கு ஒரு வருஷம் லைசென்ஸ் ரத்து. கம்பெனிக்கு எச்சரிக்கை. காகிதத்தில், ஒரு வரி எச்சரிக்கை! படி இறங்கும்போது எஸ்கலாந்தே எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அடுத்த கதவு வழியாகப் போனேன்.

தாதோ, நீ அந்தக் கேட்டுக்குள் வந்ததை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. நடிக்கத் தெரியவில்லை, உள்ளதை எழுதுகிறேன். ரொசாரியோவில் நீ சாவியை எடுத்ததைப் பற்றி யாராவது ஒரு குறை சொன்னால் அவனை நான் விடமாட்டேன், அதுவும் உள்ளதுதான். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் உன்னைப் பார்க்க வேண்டும். முகமில்லை என்று எழுதினாயே, வேலியோரம் வந்திருந்தால் அடித்திருப்பேன், அடித்துவிட்டுக் கஞ்சி வாங்கிக் கொடுத்திருப்பேன். வராமல் போனதுதான் எனக்கு ஆறவில்லை.

அப்பீலுக்கு எழுதிப் போட்டாகிவிட்டது. வரும் வியாழக்கிழமை கூப்பிட்டிருக்கிறார்கள். பெர்னபே ஊன்றுகோலோடு வருகிறேன் என்கிறார். மாந்திங்கும் வருகிறான். நாங்கள் போகிறோம். அந்த அறையில் நாற்காலிகள் நிறைய இருக்கின்றன. நான் உட்காரப் போவதில்லை.

உன் அக்கா
எபிஃபானியா என்கிற பானிங்